டேவிஸ் கோட்டையில் இருந்தவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் டெக்சாஸ் பயணக் கட்டுரையில் டேவிஸ் கோட்டைக்கு இரண்டு பத்திகள் ஒதுக்கியிருந்தீர்கள். லிம்பியா ஓடையும் அதன் பாறைக் குன்றுகளும் கண்முன் நின்றன. ஆனால் அங்கே இருந்தவர்கள் யார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அது மனத்தை உறுத்தியதால் இந்தக் கடிதம்.

கோட்டை என்றதும் நமக்குச் செஞ்சியும் வேலூரும் நினைவுக்கு வரும். இங்கே மதிலும் கிடையாது, அகழியும் கிடையாது. சான் அன்டோனியோவிலிருந்து எல் பாசோ செல்லும் ஏறத்தாழ 600 மைல் சாலையில் தபால் வண்டிகளுக்கும் பயணிகளுக்கும் காவலாக 1854-ல் போடப்பட்ட படைமுகாம் அது. அன்றைய போர்த்துறை அமைச்சர் ஜெபர்சன் டேவிஸின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அடிமை முறையைக் காப்பதற்காகப் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்குப் பிற்பாடு அதிபரானவரும் அவர்தான்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைவிடப்பட்டுப் பாழாகிக் கிடந்த முகாமுக்கு 1867-ல் வந்து சேர்ந்தவர்கள் 9-வது குதிரைப்படையின் கறுப்பின வீரர்கள். பலர் சில ஆண்டுகளுக்கு முன்புவரை அடிமைகளாக இருந்தவர்கள். மாதச் சம்பளம் 13 டாலர். சுடாத செங்கல்லாலும் கல்லாலும் புது முகாம் எழுந்தது. 1885 வரை கறுப்பினப் படைப்பிரிவுகள் மாறி மாறி அங்கிருந்து தபால் வண்டிகளுக்குத் துணை போயின, சாலை போட்டன, தந்திக் கம்பி இழுத்தன. அந்தச் சாலை பூர்வகுடிகளான அபாச்சி மக்களின் மண்ணை ஊடறுத்து, அவர்கள் தண்ணீர் குடித்த சுனைகளைத் தொட்டுச் சென்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1880-ல் அபாச்சித் தலைவர் விக்டோரியோவின் ஆட்களைத் துரத்திப் பிடிக்க முடியாதென்று கண்ட கர்னல் கிரியர்சன், சுனைகளில் ஆள் நிறுத்தித்தான் வழிமறித்தார்.

அந்தப் போரில் அவசரச் செய்தியோடு 22 மணி நேரத்தில் 98 மைல் குதிரையில் வந்தார் ஓர் இளம் அதிகாரி. கிரியர்சனின் கூடாரத்துக்கு முன்னால் இறங்க முயன்றபோது உடம்பு விறைத்துத் தரையில் விழுந்தார். விழுந்த சத்தத்தில்தான் கர்னலே விழித்தார். அந்த இளம் அதிகாரிதான் ஹென்றி பிளிப்பர். அடிமையாகப் பிறந்து, 1877-ல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் தேறிய முதல் கறுப்பினத்தவர்.

டேவிஸ் கோட்டையில் அவருக்கு உணவுப்பொருள் கிடங்கின் பொறுப்பு. 1881-ல் கணக்கில் பணம் குறைந்தது. நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் கருவூலத்தில் வேலை பார்த்தவன். இரட்டைப் பூட்டுப் போட்ட அறை, இரு அதிகாரிகளிடம் தனித்தனிச் சாவி என்றிருந்தும், மாலையில் இருப்பு ஒத்துவரும்வரை ஒரு வாய்க் காபி இறங்காது. பிளிப்பரோ பணத்தைக் குடியிருப்பிலேயே வைத்துக்கொள்ளும்படி சொல்லப்பட்டு, தம் பயணப் பெட்டியில் வைத்திருந்தார். வேலைக்காரப் பெண்ணின் துணிகளும் அதே பெட்டியில்தான். பணம் குறைவதைக் கண்டு பயந்துபோன பிளிப்பர் மேலதிகாரியிடம் பொய் சொன்னார். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். 3,791 டாலர் 77 சென்ட் கையாடியதாகக் குற்றச்சாட்டு. ஊர்க்காரர்கள் பணம் திரட்டிப் பற்றாக்குறையை அடைத்தார்கள். ராணுவ நீதிமன்றமும் கையாடவில்லை என்றே தீர்ப்பளித்தது. ஆனாலும் அதிகாரிக்குத் தகாத நடத்தை என்று சொல்லி 1882-ல் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். இதே மாதிரித் தவறு செய்த வெள்ளை அதிகாரிகளுக்கு இவ்வளவு கடுமை காட்டப்படவில்லை. கையாடவில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகும் வேலையைப் பறித்ததை, கணக்கு எழுதிய கை என்பதாலோ என்னவோ, என்னால் ஏற்கவே முடியவில்லை.

பெயரை மீட்க அவர் கடைசிவரை முயன்றார். 1940-ல் இறந்தார். 1976-ல்தான் ராணுவம் அவரது நீக்கத்தைக் கௌரவமான பணி விடுவிப்பாக மாற்றியது. 1999-ல் அதிபர் கிளிண்டன் பொதுமன்னிப்பு வழங்கினார்.

கோட்டையின் பெயர்ப்பலகையில் டேவிஸ் இருக்கிறார். நம் கட்டுரையிலாவது பிளிப்பர் இருந்திருக்கலாம். அடுத்த இதழில் அவருக்கு ஒரு முழுப் பக்கம், படத்தோடு, ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவூல ஊழியர்,
திண்டுக்கல்.