பக்கவாதத்துக்குப் பின் பேச்சு: செயலாளரின் ஆண்டறிக்கை, புதுச்சேரி

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், உடன் வந்திருக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அஃபேசியா எனும் பேச்சிழப்பு வருகிறது. பெரும்பாலும் மூளையின் இடப்பக்கப் பாதிப்பே காரணம். பேச்சு போனதால் அறிவும் போய்விட்டது என்று எண்ணுவது தவறு. எவ்வளவு மீளும் என்பதில் பாதிப்பின் அளவுக்குப் பெரும் பங்கு உண்டு. அது நம் கையில் இல்லை. வீடும் தெருவும் நம் கையில் இருக்கின்றன. பேச்சிழந்தவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்குமான நம் சங்கம் இந்த ஆண்டு உழைத்தது அங்கேதான்.

வீடுகளில் முதல் தடை, கேட்ட கேள்விக்கு வேறொருவர் பதில் சொல்லிவிடுவது. "அப்பா, காபியா டீயா?" என்று மருமகன் கேட்டால், அவர் வாய் திறப்பதற்குள் "அவருக்குக் காபிதான்" என்று மகள் முந்திக்கொள்கிறார். பாசத்தால்தான். ஆனால் சொல்லைத் தேடும் முயற்சி அங்கேயே நின்றுவிடுகிறது. குடும்பப் பயிற்சியில் நாங்கள் வலியுறுத்துவது இது: டிவியை அணைத்துவிட்டு எதிரில் உட்காருங்கள். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. கேட்டபின் மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். சொல் வராவிட்டால் தாளில் தடித்த மார்க்கரால் இரண்டு சொற்களையும் பெரிதாக எழுதிக் காட்டுங்கள். படிக்காதவருக்குப் பொருளையே காட்டுங்கள். அவர் தொட்டதும் "காபி, சரியா?" என்று உறுதிசெய்யுங்கள். தலையாட்டலை மட்டும் நம்ப வேண்டாம். எதற்கும் ஆமாம் என்றே தலையாட்டுபவர்கள் உண்டு. மாத்திரை விஷயத்தில் இது ஆபத்து. "மாத்திரை போட்டாச்சா?" என்பதற்கும், சற்றுப் பொறுத்து "இன்னும் போடலையா?" என்பதற்கும் ஆமாம் என்றே வந்தால், மாத்திரை அட்டையை எடுத்து மீதியை எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது பணமும் தொலைவும். முதல் சில மாதங்களில்தான் மீட்சி வேகமாக இருக்கும். வீட்டில் கையிருப்பு கரைவதும் அப்போதே. பாகூர்ப் பக்கமிருந்து ஜிப்மர் மருத்துவமனைக்கு ஒருவரை அழைத்துவந்தால் துணைக்கு வருபவரின் அன்றைய கூலியும் போகிறது. கால் நடக்க வந்ததும் பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள். ஆண்டுகள் கழித்தும் முன்னேற்றம் வரும் என்பதால் நிறுத்தாதீர்கள். வீட்டில் செய்ய வேண்டியதைப் பயிற்சியாளரிடம் எழுதி வாங்குங்கள். செய்து காட்டச் சொல்லிச் செல்போனில் பதிவும் செய்துகொள்ளுங்கள்.

பக்கவாதத்துக்குப் பின் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆளாகிறார். பேசமுடியாதவரை நண்பர்கள் மெல்ல மெல்லப் பார்க்க வராமல் போகிறார்கள். என்ன பேசுவது என்ற கூச்சம். மீனவக் கிராமங்களில் வலை பின்னும் இடத்துக்கே அவரை அழைத்துச் செல்லச் சொல்கிறோம்: கைவேலையும் பழகிய முகங்களும் இருக்கும் இடத்தில் ஓரிரு சொல்லே போதும். பெண்களுக்கு அப்படி ஓர் இடம் வாய்ப்பதில்லை. இதில் சங்கம் இன்னும் நிறையச் செய்ய வேண்டும்.

பிரெஞ்சு அரசின் ஓய்வூதியம் பெறும், தமிழும் பிரெஞ்சும் புழங்கும் குடும்பங்கள் கேட்பது, எந்த மொழியில் பயிற்சி என்று. நோய்க்கு முன் அதிகம் புழங்கிய மொழி முதலில் மீளும் என்று பித்ர் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1895-இல் எழுதினார். எல்லாருக்கும் அது பொருந்துவதில்லை. எந்த மொழியில் சொல் வந்தாலும் தடுக்காதீர்கள்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அஃபேசியாவால் வரும் நிரந்தரப் பேச்சு, மொழிக் குறைபாடும் இடம்பெறுகிறது. சான்றிதழுக்குப் போகும்போது கை கால் பாதிப்பை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். பேச்சையும் மதிப்பிடச் சொல்லிக் கேளுங்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.