குரூப்பில் போட்டது வீட்டுக்கு வந்ததா?

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் தெரியவில்லை, தீபாவளி வந்து போனதும் தெரியவில்லை, கார்த்திகை பிறக்கப் போகிறது. இதுவரை நடந்ததையும் இனி நடக்க இருப்பதையும் உங்களுக்குத் தெரிவிக்கவே இந்தக் கடிதம்.

காலாண்டுத் தேர்வில் நம் பிள்ளைகள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். கலைத் திருவிழாவில் வட்டார அளவில் கிராமிய நடனத்திலும் களிமண் பொம்மையிலும் பரிசு கிடைத்தது. வானவில் மன்றத்தில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் சோதனைகள் செய்துபார்க்கிறார்கள். பள்ளித் தோட்டத்து முருங்கை மறுபடி துளிர்த்துவிட்டது. கழிப்பறைக் குழாயை மாற்றியாயிற்று. உழைத்த ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பாராட்டுகள்.

இனி வருபவை. நவம்பர் 14 குழந்தைகள் தினம். வழக்கம்போல் மாறுவேடப் போட்டி உண்டு. இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சென்ற ஆண்டு மேடையில் ஆறு பாரதியார்கள் நின்றார்கள். கறுப்புக் கோட்டு, வெள்ளை முண்டாசு, கண்மை மீசை. முதல் நாள் இரவு எட்டு மணிக்குமேல் தகவலைப் பார்த்தால் வேறு என்ன வேடம்தான் போட முடியும்! ஆறு பேரும் ஒரே பாட்டைப் பாடியபோது நடுவராக வந்தவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்த மாதக் கடைசி வெள்ளி மாலை 3 மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. அட்டவணை வந்ததும் தருகிறோம்.

இதுவரை படித்தவர்கள் தயவுசெய்து மேற்கொண்டும் படியுங்கள். முக்கியமானது இனிமேல்தான்.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை. விடிய விடிய மழை. காலை ஆறே காலுக்கு நம் பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு தொலைக்காட்சிச் செய்திப் படம் வந்தது. "கனமழை: பள்ளிகளுக்கு இன்று விடுமுறை." கீழே, "நம்ம மாவட்டத்துக்கும் லீவு விட்டாச்சு" என்று ஒரு குரல் பதிவு. நான் பார்த்தபோது மணி ஏழைத் தாண்டிவிட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதில் இருந்தது திருவள்ளூர். நாம் இருப்பது திருவாரூர். அவசரத்தில் பார்த்தால் யாருக்கும் தடுமாறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டுக்கும் நடுவே சாலை வழியே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே பெய்கிற மழைக்கு இங்கே லீவு விட மாட்டார்கள்.

"விடுமுறை இல்லை, பள்ளி உண்டு" என்று உடனே போட்டேன். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. அன்று பாதிப் பிள்ளைகள்கூட வரவில்லை. காலை உணவுக்கு மகளிர் குழு அம்மாக்கள் விடியற்காலையிலேயே வந்து, ஈர விறகோடு இல்லாவிட்டாலும் ஈரச் சேலையோடு நின்று, வெண்பொங்கலும் சாம்பாரும் செய்து வைத்திருந்தார்கள். ஐந்தாம் வகுப்பு வரை உள்ள சின்னப் பிள்ளைகளுக்கானது அது. வந்தவர்களுக்கெல்லாம் இரண்டாம் முறை, மூன்றாம் முறை பரிமாறியும் அண்டாவில் பொங்கல் மிஞ்சியது. சமைத்த அம்மா என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அண்டாவை மட்டும் மூடினார்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். அடுத்த நாள் வியாழக்கிழமை நிஜமாகவே விடுமுறை. ஆட்சியர் அறிவிப்பு காலையில்தான் வந்தது. வந்த உடனே குரூப்பில் போட்டேன். "நேத்து வந்ததும் பொய்தானே" என்று சிலர் நம்பவில்லை. சிலர் பார்க்கவே இல்லை. பத்து மணிக்குப் பள்ளிக்கு எதிர் வீட்டிலிருந்து எனக்கு போன். "டீச்சர், உங்க ரெண்டாப்பு பையன் ஒருத்தன் கேட்டுல நிக்கிறான்."

அவன் எட்டரை மணிக்கே வந்திருக்கிறான். கம்பி ஒடிந்த குடை, முழங்கால் வரை சேறு, பையில் சாப்பாட்டுத் தட்டு. அம்மா ஆறரைக்கே களை பறிக்கப் போய்விட்டார். பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு பள்ளியில் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் போயிருக்கிறார். அதில் தப்பே இல்லை. குரூப்பில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு எண் இருக்கிறது. அது அப்பாவின் எண். அவர் இருப்பது திருப்பூரில். ராத்திரி ஷிப்ட் முடித்துப் படுத்திருக்கிறார். நான் அனுப்பிய தகவல் திருப்பூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, பக்கத்துத் தெருவுக்கு வரவில்லை.

எதிர் வீட்டுப் பாட்டி அவனைத் திண்ணையில் உட்கார வைத்துத் தலையைத் துவட்டி, டீயும் பன்னும் கொடுத்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது ஆட்டுக்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தான். "டீச்சர், இன்னிக்கு ஸ்கூல் எப்ப தொறப்பீங்க?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

அன்று மாலை உட்கார்ந்து குரூப்பில் உள்ள எண்களை வகுப்பாசிரியர்களோடு சேர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், துபாய். பாதிக்கு மேல் ஊரில் இல்லாத போன்கள். பள்ளியில் சேர்க்கும்போது கேட்டால் குடும்பத் தலைவர் எண்ணைத்தானே கொடுப்பார்கள். நாமும் அதைத்தான் எமிஸில், அதாவது கல்வித் துறையின் கணினிப் பதிவில், ஏற்றியிருக்கிறோம். சில வீடுகளில் அம்மாவிடம் இருப்பது பட்டன் போன்; அதில் வாட்ஸ்அப் கிடையாது. சில வீடுகளில் ஒரே போன், அதுவும் கல்லூரிக்குப் போகும் அண்ணன் கையில். இதையெல்லாம் நான் முன்பே கேட்டிருக்க வேண்டும். குரூப்பில் போட்டால் கடமை முடிந்தது என்று இருந்தது என் தவறு. அதை மறைக்கவில்லை.

இந்தத் தவறுக்கு ஒரு பிள்ளை ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறாள் என்பதுதான் என் மனதை அரிக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேசிய வருவாய் வழி உதவித்தொகைத் தேர்வு, நாம் என்எம்எம்எஸ் என்று சொல்வது, ஆண்டுதோறும் நடக்கிறது. தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். நான்கு வருடத்துக்கு 48,000. பெற்றோர் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும், பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 50 போதும். நம்மைப் போன்ற அரசு, ஊராட்சி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமே இந்தத் தேர்வு. சென்ற ஆண்டு நிச்சயம் தேறுவாள் என்று நாங்கள் நம்பிய ஒரு பெண்ணுக்கு வருமானச் சான்று வரவில்லை. "சான்று எடுத்து வைக்கவும்" என்று குரூப்பில் மூன்று முறை போட்டிருந்தேன். மூன்றும் வெளியூரில் இருக்கும் ஒரு போனில் கிடந்தன. அம்மாவுக்குத் தெரிந்தபோது மூன்று நாள்தான் பாக்கி. இ-சேவை மையத்தில் போட்டு, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று அது நகர்ந்து வருவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. அந்தப் பெண் இப்போது ஒன்பதாம் வகுப்பு. வழியில் பார்த்தால் இன்றும் "வணக்கம் டீச்சர்" என்று சிரிக்கிறாள்.

ஆகவே இந்த ஆண்டு எட்டாம் வகுப்புப் பெற்றோர் யாராக இருந்தாலும், இந்தக் கடிதம் கிடைத்த வாரத்திலேயே வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இப்போது ஒன்றைக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவள்ளூர் செய்தியைக் குரூப்பில் போட்டவர் யார் என்று உங்களில் பலருக்குத் தெரியும். அவர் மறுநாளே பள்ளிக்கு வந்து வருத்தம் தெரிவித்துவிட்டார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் அதன் கீழே கும்பிடு கையும் "ஓகே"வும் போட்டவர்கள் இருபத்து மூன்று பேர். ஒருவர்கூட எனக்கோ வகுப்பாசிரியருக்கோ ஒரு போன் போட்டு, "நிஜமா டீச்சர்?" என்று கேட்கவில்லை. நான் போட்ட மறுப்பைப் படித்தவர்களிலும் சிலர், "சரி, இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும்" என்று பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டார்கள். இது சரியல்ல. காலை வணக்கப் பூக்களும் மனை விற்பனையும் கட்சிப் பதிவுகளும் வந்து குவிவதால்தான் பலர் குரூப்பைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டார்கள். பள்ளித் தகவலும் அந்தப் பூக்களுக்கு அடியில் புதைந்துபோகிறது. இரவு பத்தரைக்கு வகுப்பாசிரியரை அழைத்து, "எங்களுக்கு ஏன் சொல்லல" என்று சத்தம் போடுவதும் இத்தோடு நிற்க வேண்டும். அவர்களுக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இன்று முதல் அந்தக் குரூப்பில் நானும் வகுப்பாசிரியர்களும் மட்டுமே பதிவிட முடியும்படி மாற்றிவிட்டேன். யாரையும் அவமதிக்க அல்ல. உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வகுப்பாசிரியருக்குத் தனியாக அனுப்புங்கள், அல்லது மாலை நான்கரை வரை பள்ளிக்கு நேரில் வாருங்கள். எந்த அப்பாயின்ட்மென்டும் வேண்டாம்.

மழை விடுமுறைக்கு ஒரே வழிதான். வானிலை ஆய்வு மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை கொடுப்பது வேறு, விடுமுறை வேறு. விடுமுறை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். அறிவிப்பு வந்தால் என் சொந்தக் குரலில், அன்றைய தேதியும் கிழமையும் சொல்லி ஒரு பதிவு போடுவேன். பட்டன் போன் வைத்திருப்பவர்களை வகுப்பாசிரியர் நேரடியாக அழைப்பார். என் குரல் வராத எதையும் நம்பாதீர்கள், டிவியில் ஓடினாலும் மாவட்டப் பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். அறிவிப்பு தாமதமாக வந்து, தெரியாமல் பிள்ளை பள்ளிக்கு வந்துவிட்டாலும் கேட்டில் நிற்க விட மாட்டோம். மழை நாள்களில் எட்டு மணி முதல் எங்களில் ஒருவர் பள்ளியில் இருப்பது என்று முறை வைத்திருக்கிறோம். அதே சமயம் உங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால், வாய்க்கால் பாலத்தில் வெள்ளம் போனால், விடுமுறை விடாவிட்டாலும் பிள்ளையை அனுப்ப வேண்டாம். ஒரு போன் போதும். யாரும் திட்ட மாட்டோம்.

போனே பார்க்க நேரமில்லாதவர்களுக்காக இன்னொரு ஏற்பாடு. ஒவ்வொரு திங்கள் மாலையும் அந்த வாரச் செய்தி பிள்ளைகளின் டைரியில் நான்கு வரியில் இருக்கும். பள்ளிச் சுவரில் வெளிப்பக்கமாக ஒரு கரும்பலகை அடித்திருக்கிறோம், ரேஷன் கடைக்குப் போகிற வழியில் யார் கண்ணிலும் படும். மகளிர் குழுத் தலைவிகளும் கூட்டத்தில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம். டைரியைப் பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தையும் அப்படியே. நீளமாகத்தான் இருக்கிறது, வாசிப்புப் பயிற்சியாக இருக்கட்டும்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. களை பறித்துவிட்டு ஈரத்தோடு வந்து, அடுப்பு மூட்டி, அதற்குமேல் பிள்ளையின் டைரியைப் புரட்டச் சொல்வது எளிதல்ல. திருப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் வகுப்பாசிரியரை அழைத்து, "என் பொண்ணு எப்படிப் படிக்கிறா?" என்று கேட்கும் அப்பாக்கள் இருக்கிறார்கள். புயல் எச்சரிக்கை அன்று சொல்லாமலே வந்து மைதானத்து வடிகாலை வெட்டிவிட்ட இரண்டு பெற்றோர்களுக்கும், மிஞ்சிய பொங்கலை வீணாக்காமல் காலனித் தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் கொண்டுபோன சமையல் அம்மாக்களுக்கும், ஒரு சின்னப் பையனைத் தன் திண்ணையில் உட்கார வைத்த பாட்டிக்கும் இந்தப் பள்ளி கடமைப்பட்டிருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

மாறுவேடத்துக்கு இம்முறை பாரதியார் இருவர் மட்டும். முதலில் பெயர் கொடுப்பவர்களுக்கு.

அன்புடன்,
தலைமையாசிரியர்
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி

(கீழே உள்ள பகுதியைக் கிழித்து வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்பவும்)

மாணவர் பெயர், வகுப்பு:
பகலில் ஊரில் இருக்கும் போன் எண்:
அந்த போன் யார் கையில் இருக்கும்:
வாட்ஸ்அப் உண்டா, பட்டன் போனா:
அதுவும் கிடைக்காவிட்டால் எந்த வீட்டில் சொல்லலாம்:
கையொப்பம் அல்லது கைநாட்டு: