ரெண்டுமே பச்சை ஜெர்ஸிதான் மக்களே

மக்களே,

நல்லா இருக்கியா. மான்செஸ்டர்ல குளிர் ஜாஸ்தின்னு அப்பா சொன்னாங்க, நான் குடுத்துவிட்ட ஸ்வெட்டர பெட்டிக்குள்ளயே வச்சிராத. வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம்னுதான் நெனச்சேன், ரெண்டு தடவ பேசி ரெண்டு தடவயும் அழிச்சிட்டேன், பேசுனா கோவம் வருது இல்லன்னா அழுக வருது. நைட் டூட்டி முடிஞ்சு வந்தும் தூக்கம் வரல, அதான் உக்காந்து டைப் பண்றேன், நீ முழுசா படிக்கணும் கேட்டியா.

கிறிஸ்மஸ்க்கு நீ வந்தப்ப நடந்தத பத்திதான். நான் கிச்சன்ல முந்திரிக்கொத்து பொரிச்சிட்டு இருந்தேன், நீயும் உன் சின்ன வயசு ஃப்ரெண்டு அவனும் டிவி முன்னாடி. நம்ம இருக்கிற நார்தர்ன் அயர்லாந்து, அதாவது வடக்கு, ஃபுட்பால் யூத் டீம்ல ஆடிட்டு இருந்த ஏதோ ஒரு பையன் தெக்க இருக்கிற தனி நாடு, அயர்லாந்து ரிபப்ளிக் பக்கம் மாறப்போறான்னு பேச்சு வந்துச்சு. "சின்ன வயசுல இருந்து நாங்க வளத்து விடுறோம், ஆளானதும் அவங்க தூக்கிட்டு போறாங்க"ன்னு அவன் சொன்னான். நீ உடனே "அவன் என்னைக்குமே உங்க ஆளு இல்ல"ன்னு சொன்ன. அவன் ஒண்ணும் பேசல, கோட்ட எடுத்தான், போயிட்டான். அவங்க வீட்டுக்குன்னு நான் டப்பால எடுத்து வச்சிருந்த முந்திரிக்கொத்தகூட வாங்கல. எட்டு வயசுல இருந்து நம்ம வீட்ல கேட்டு வாங்கி சாப்பிட்ட பிள்ள அவன்.

சட்டப்படி நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லல. 1998ல புனித வெள்ளி ஒப்பந்தம் போட்டப்பவே இங்க பொறந்தவங்க ஐரிஷ், பிரிட்டிஷ், இல்ல ரெண்டும்னு எப்படி வேணா இருக்கலாம்னு எழுதியாச்சு. 2010ல வடக்கு டீம நடத்துற பெல்ஃபாஸ்ட் ஃபுட்பால் அசோசியேஷன் சுவிட்சர்லாந்து லொசான்ல இருக்கிற விளையாட்டு நடுவர் மன்றம் வரைக்கும் போய் பாத்துச்சு, அங்கயும் தீர்ப்பு ரிபப்ளிக்க நடத்துற டப்ளின் அசோசியேஷன் பக்கம்தான் வந்துச்சு, வடக்க பொறந்த பையன் ரிபப்ளிக்குக்கு ஆடலாம்னு முடிஞ்சுது. அது எல்லாம் சரி. ஆனா சட்டம் பையன் எங்க ஆடலாம்னு மட்டும்தான் சொல்லுது, இன்னொருத்தன பாத்து உங்க ஆளு இல்லன்னு சொல்ல உனக்கு யாரு மக்களே உரிமை குடுத்தா?

ஜேம்ஸ் மெக்ளீன உனக்கு எவ்ளோ பிடிக்கும்னு எனக்கு தெரியும், உன் ரூம் சுவர்ல அவரு படம் இன்னும் இருக்கு. நம்ம டெரி ஊர்லயே கிரெகன்ல வளந்த பிள்ள, அண்டர்-21 வரைக்கும் வடக்குக்கு ஆடிட்டு, 2012ல ரிபப்ளிக்குக்கு எறங்கி நூறு மேட்சுக்கு மேல ஆடினாரு. போர்ல செத்த பிரிட்டிஷ் பட்டாளத்துக்காரங்க நினைவா சட்டையில குத்துற பாப்பி பூவ குத்த மாட்டேன்னு சொன்னதுக்கு இங்கிலாந்துல ஒவ்வொரு கிரவுண்ட்லயும் ஏச்சு வாங்கினாரு. 2014ல தன்னோட கிளப் ஓனருக்கு ஒரு லெட்டர் எழுதினாரு பாரு, ரெண்டு உலகப்போர்ல செத்தவங்களுக்கு மட்டும்னா தெனமும் குத்துவேன், ஆனா 1972 ஜனவரி 30ல எங்க ஊர்ல பிரிட்டிஷ் பட்டாளம் சுட்டு செத்தவங்கள்ல ஆறு பேரு என் கிரெகன்காரங்கன்னு. அத படிச்சப்ப எனக்கு நெஞ்சு அடச்சிருச்சு. நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல வார்டுல ஒரு வயசான அம்மாவுக்கு டிரெஸ்ஸிங் பண்றப்ப அந்த நாள பத்தி அவங்க சொல்லிருக்காங்க, கைய விடாம பிடிச்சிக்கிட்டே சொன்னாங்க. அப்படி ஒரு தெருவுல வளந்த பையன் அன்னைக்கு காட் சேவ் தி குயின்னு பிரிட்டிஷ் தேசிய கீதம் பாடின இடத்துல போய் நெஞ்ச நிமித்தி நில்லுன்னா எப்படி நிப்பான். அவரு போனது துரோகம் இல்ல, அத நானும் சொல்றேன்.

ஆனா அவன் பக்கத்தயும் பாரு. அந்த டீமுக்கு ஆளு எடுக்க இருக்கறதே மொத்தம் பத்தொம்பது லட்சம் பேரு உள்ள ஒரு சின்ன இடம். அதுல இருந்துதான் 1982 உலகக்கோப்பைல ஸ்பெயின்லயே போய் ஸ்பெயின ஜெயிச்சாங்க, ஜெர்ரி ஆம்ஸ்ட்ராங் கோல், கேப்டன் மார்ட்டின் ஓ'நீல், பெரும்பாலும் புராட்டஸ்டன்டுங்க கொண்டாடுற டீமுக்கு ஒரு கத்தோலிக்கர், பிறகு அதே மனுஷன் ரிபப்ளிக்குக்கே மேனேஜரா வந்தாரு. அவங்க அப்பா அந்த மேட்ச சின்ன பையனா பாத்தத இப்பவும் சொல்லுவாரு. அதே அப்பாதான் என்கிட்ட இன்னொண்ணும் சொன்னாரு. வடக்கு டீம்ல ஆடின கத்தோலிக்கர் நீல் லெனன், கத்தோலிக்கங்க கொண்டாடுற கிளாஸ்கோ கிளப் செல்டிக்ல சேந்த பிறகு 2001ல பெல்ஃபாஸ்ட் விண்ட்சர் பார்க் ஸ்டேடியத்துல சொந்த ஆளுங்களே அவர கூச்சல் போட்டு அவமானப்படுத்துனாங்க, நான் அன்னைக்கு அங்க இருந்தேன், கூச்சல் போடல, ஆனா போட்டவன தடுக்கவும் இல்ல, அது இன்னும் உறுத்துதுன்னு. அடுத்த வருஷமே கொலை மிரட்டல் வந்து லெனன் வடக்குக்கு ஆடறத விட்டுட்டாரு. அதுக்கப்புறம் அவங்க அப்பா மாதிரி நெறைய பேரு சேந்துதான் ஸ்டேடியத்துல பழைய மதவெறிப்பாட்ட நிறுத்துனாங்க. அப்படி கஷ்டப்பட்டு எல்லாருக்கும் எடம் ஆக்குன பிறகும் ஒரு பையன் கெளம்பி போறப்ப அவங்களுக்கு வலிக்காதா? கோவத்துல பேசுறான்னு நீ நெனக்கிற, எனக்கு அது வீட்ட விட்டு பிள்ள போன வருத்தமாத்தான் கேட்டுச்சு.

இன்னொண்ணும் சொல்லணும், இது உனக்கு கசக்கும். லண்டன்ல பொறந்த டெக்லான் ரைஸ் 2018ல அயர்லாந்துக்கு மூணு நட்பு மேட்ச் ஆடிட்டு அடுத்த வருஷம் இங்கிலாந்துக்கு போயிட்டாருன்னு பாம்பு, துரோகின்னு என்னெல்லாம் எழுதின. 2024 செப்டம்பர்ல டப்ளின்ல அவரு கோல் போட்டப்ப நீ ரிமோட்ட தூக்கி எறிஞ்ச. ஆனா அந்த பையன் கோல் போட்டுட்டு கொண்டாடவே இல்ல, கார்க்ல இருந்து வந்த தன் தாத்தா பாட்டிக்கு மரியாத இல்லாம போயிடும்னு. டெரி பையன் தெக்க போனா மனசு சொன்ன எடம், லண்டன் பையன் இங்கிலாந்துக்கு போனா துரோகமா? அப்போ 1988ல ஸ்டட்கார்ட்ல அயர்லாந்துக்காக இங்கிலாந்துக்கு எதிரா கோல் போட்ட ரே ஹௌட்டன் எங்க பொறந்தாரு, கிளாஸ்கோல. அதே டீம்ல ஆடின ஆல்ட்ரிட்ஜ் லிவர்பூல்காரரு. அந்த டீம நடத்துன ஜாக் சார்ல்டனோ 1966ல இங்கிலாந்துக்கே உலகக்கோப்பை வாங்கி குடுத்தவரு. அவங்கள நம்ம ஆளுன்னு தலைல தூக்கி வச்சி ஆடின ஊருதான இது.

இதுக்கு வேரு எங்க இருக்குன்னா, 1880ல பெல்ஃபாஸ்ட்ல ஆரம்பிச்சப்ப தீவு முழுசுக்கும் ஒரே அசோசியேஷன்தான். 1921ல டப்ளின்காரங்க பிரிஞ்சாங்க. பிறகும் ரொம்ப வருஷம் ரெண்டு பேருமே அயர்லாந்துங்கற பேர்லயே தீவு முழுக்க ஆளு எடுத்தாங்க. ஜானி கேரினு டப்ளின்காரரு 1946 செப்டம்பர் 28ல பெல்ஃபாஸ்ட் டீமுக்காக இங்கிலாந்து கூட ஆடினாரு, ரெண்டே நாள் கழிச்சு 30ம் தேதி டப்ளின் டீமுக்காக அதே இங்கிலாந்து கூட ஆடினாரு. மனுஷன் ஒண்ணுதான், ஜெர்ஸி ரெண்டு. ரக்பிலயும் கிரிக்கெட்லயும் இன்னைக்கும் ஒரே டீம்தான். ஃபுட்பால்ல மட்டும் பெரியவங்க நூறு வருஷமா தீக்காம விட்ட வழக்க பதினேழு வயசு பையன் ஒருத்தன் ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டு தீக்கணும்னு நிக்க வைக்கிறோம். நம்ம ஊருக்கே டெரி, லண்டன்டெரின்னு ரெண்டு பேரு, எத சொன்னாலும் எதிர்ல நிக்கிறவன் முகத்த பாத்துக்கிட்டுதான் சொல்றோம், அந்த பையன் என்ன பண்ணுவான் சொல்லு.

உன் தாத்தா நாகர்கோவில்ல ஒரே வீட்லதான் பொறந்தாரு, அதே வீட்லதான் செத்தாரு. பொறந்தப்ப அது திருவிதாங்கூர், செத்தப்ப தமிழ்நாடு. 1956ல எல்லைய மாத்துனாங்க, மனுஷன் எடம் மாறல. தமிழ்நாட்டோட சேரணும்ங்கற போராட்டத்துல ஊர்வலம் போனவரு தாத்தா, ஆனா கூட வேல பாத்த மலையாளி மாமா வீட்டுக்கு ஓணத்துக்கு கடைசி வரைக்கும் போனாரு. நீ அவர பாத்ததில்ல, அதான் சொல்றேன்.

2016 ஞாபகம் இருக்கா உனக்கு? ரெண்டு டீமுமே யூரோ கோப்பைக்கு போயிருந்துச்சு. உக்ரைன் மேட்ச்ல வடக்குக்காக நயல் மெகின் கோல் போட்டப்ப நீ அவங்க வீட்ல குதிச்சியாம், அவங்க அம்மா சொன்னா. அடுத்த வாரம் இத்தாலி மேட்ச், ரிபப்ளிக்குக்காக ராபி பிரேடி 85வது நிமிஷத்துல தலையால முட்டி கோல் போட்டப்ப அவன் நம்ம சோபா மேல ஏறி நின்னு உன்ன கட்டிப்பிடிச்சான், ஃபேண்டா ரெண்டு பேரு மேலயும் கொட்டிருச்சு. பன்னெண்டு வயசு ரெண்டு பேருக்கும். மறுநாள் அப்பா பிரெக்சிட் ஓட்டு போட கெளம்புறாங்க, நான் ரெண்டு ஜெர்ஸியயும் தொவச்சு ரேடியேட்டர்ல காயப்போடுறேன், ரெண்டும் பச்சை, எது யாருதுன்னு தெரியல எனக்கு. அவனோட வடக்கு ஜெர்ஸில அடிடாஸ், உன்னோடதுல அம்ப்ரோ, அத வச்சுதான் பிரிச்சேன். அவன் எடுத்துட்டு போக மறந்துட்டான், பிறகு அவனுக்கு சின்னதா போயிருச்சு.

அந்த அடிடாஸ் ஜெர்ஸி இன்னும் மாடில உன் அலமாரிலதான் இருக்கு, கீழ் தட்டுல. நேத்து டெஸ்கோல அவங்க அம்மாவ பாத்தேன், பேசிட்டு இருந்தோம், அவனுக்கு இந்த மாசம்தான் வேல கெடச்சிருக்காம். உன்ன கேட்டானான்னு நான் கேக்கல, அவளா சொன்னா, கேட்டானாம். நம்பர் பழசுதான் மக்களே, மாத்தல.

அம்மா