வெள்ளை வால்குருவி எங்கட ஊராள் இல்லை மச்சான்

மச்சான்,

நீ ரொறன்ரோவில இருந்து அனுப்பின தகைவிலான் குருவிப் படம் பாத்தன், வயிறு நல்ல செம்மஞ்சளாக் கிடக்குது, இஞ்ச மாரிக்கு வந்து கரண்ட் கம்பியில வரிசையாக் குந்தியிருக்கிறதுகளில கனக்க வெள்ளை வயிறுதான். ரெண்டும் ஒரே இனம்தான்டா, உங்கட ஆள் குளிருக்குத் தென் அமெரிக்காப் பக்கம் போயிடுவார், எங்களிட்ட வாறது ஆசியாவின்ர வடக்கில குஞ்சு பொரிச்சிட்டு இறங்கிறதுகள், பிறந்த இடம் வேற எண்டபடியால் நிறமும் வேற.

ஆனா நான் முக்கியமாச் சொல்ல வந்தது வால்குருவியப் பற்றி. முத்தையன்கட்டு வாய்க்கால் கரையில மருத மரத்துக்குக் கீழ ஒண்டு நிண்டது, உடம்பு முழுக்க வெள்ளை, தலை மட்டும் மினுங்கிற கறுப்பு, கொண்டை, கண்ணைச் சுத்தி நீல வளையம், வால் ஒரு அடிக்குக் கிட்ட வரும், பூச்சியப் பிடிக்கத் தாவேக்க அந்த வால் பின்னால ரிபன் மாதிரி நெளியுது, அப்பிடியே பாத்துக்கொண்டு நிண்டிட்டன். கொஞ்சம் தள்ளி அதே தலை, அதே நீட்டு வாலோட சிவப்பு ஒண்டு. ஊரில கனபேர் வெள்ளை ஆண், சிவப்பு பெண் எண்டுதான் சொல்லுவினம், அது சரியில்லை, நீட்டு வால் இருந்தா ரெண்டும் ஆண்தான். இலங்கையில நிரந்தரமா இருக்கிற ஆண் எத்தினை வயசு போனாலும் சிவப்புத்தான், வெள்ளையாகிறது இந்தியாவில இருந்து வாறதுகளிலதான். ஐப்பசிக்குப் பிறகு வந்து சித்திரை மட்டில திரும்பிப் போயிடும். சிவப்பை வைச்சு ஒண்டும் சொல்லேலாது, இந்தியாக்காரரிலயும் சிவப்பு இருக்கு, ஆனா வெள்ளையெண்டா அது கடல் தாண்டி வந்த ஆள்தான்.

கதியால் வேலியில குந்தியிருக்கிற பழுப்புக் கீச்சான் குருவியையும் ஒருக்கா வடிவாப் பார், தலை பழுப்பெண்டா சைபீரியா மங்கோலியாப் பக்கம் இருந்து வந்தது, சாம்பலெண்டா கொரியா, கிழக்குச் சீனாப் பக்கம் இருந்து வந்தது.

குளிர் நாட்டுக் குருவிகள் பருமனாயிருக்குமோ எண்டு கேட்டனியெல்லோ, 1847 இல பேர்க்மான் எண்ட ஜெர்மன்காரர் சொன்னது, குளிர் நாட்டுப் பிராணியளின்ர உடம்பு பெருசாகும், பெரிய உடம்பு சூட்டை மெதுவாத்தான் விடும் எண்டு. வலசை போறதுகளுக்கு அது அவ்வளவு இறுக்கமாப் பொருந்தாது, ஏனெண்டா பனிக்கு முதலே கிளம்பிடுதுகள் தானே. எனக்கென்னவோ அதுகளில செட்டையப் பாக்கிறதுதான் சரி எண்டு படுது, தூரம் பறக்கிறதுகளுக்குச் செட்டை நீளமா, கூரா இருக்கும்.

தையில வாறனெண்டனி, வரேக்க நல்ல பைனாகுலர் ஒண்டு கொண்டு வா, இஞ்ச சரியான விலை. வெள்ளிக்கிழமை கோல் எடு.

உன்ர,
மச்சான்