பூநாரைக்கு மே மாசம் லீவு

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்,

உங்க இதழோட கோடை சுற்றுலா பகுதியில எங்க கோடியக்கரைய பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க, போட்டோ எல்லாம் பளிச்சுனு இருந்துச்சு, ரொம்ப சந்தோஷம். ஆனா ஸ்கூல் லீவுல பிள்ளைங்கள கூட்டிட்டு போங்க, கூட்டம் கூட்டமா பூநாரை பாக்கலாம்னு எழுதிட்டீங்களே, அதுலதான் எனக்கு வம்பு வந்துச்சு. கோயம்புத்தூர்ல இருக்குற என் நாத்தனார் அத படிச்சிட்டு, அண்ணி நாங்க வர்றோம்னு போன்ல சொல்லிட்டு வச்சிருச்சு. நான் இப்ப வேணாம்மா, மார்கழி தை மாசத்துல வாங்கன்னு சொல்ல வாயெடுக்குறதுக்குள்ள டிக்கெட்டே போட்டாச்சு.

வந்தாங்க. ஏப்ரல் கடைசி, சித்திரை வெயில். வேதாரண்யத்துலேருந்து கோடியக்கரை பதினோரு கிலோமீட்டர் வரும், கார்ல போனோம், சதுப்புல ஒரு பூநாரை இல்ல. எப்படி இருக்கும்? அதுங்க ஐப்பசி வாக்குல மழையோட வர்ற விருந்தாளிங்க, மார்கழி தைல நிறைய இருக்கும், வெயில் ஏறுனா கிளம்பிரும். உள்ளான்னு சொல்ற சின்ன கரைப்பறவை கூட்டமும் அப்படித்தான், சைபீரியா பக்கத்துலேருந்தெல்லாம் வந்து இந்த சேத்துல புழு பூச்சி தின்னு உடம்ப தேத்திக்கிட்டு போறதுங்க. நாத்தனார் என்னைய பாத்த பார்வை இருக்கே, ஏதோ நான்தான் பறவைய எல்லாம் தொரத்தி விட்ட மாதிரி!

சரி, வந்தவங்கள சும்மா அனுப்ப முடியுமா. அந்த வெயில்லயும் எங்க ஊர்ல பாக்க இருக்குது சார், உங்க கட்டுரையில அதெல்லாம் ஒரு வரி கூட இல்ல. சரணாலயத்துக்குள்ள வெளிமான் பன்னெண்டு மாசமும் இருக்கும், அதுக்காகத்தான் 1967ல இத சரணாலயமாவே ஆக்குனாங்க. ஆண் மானு முதுகு கறுகறுன்னு, கொம்பு முறுக்கி விட்ட மாதிரி. புல்வெளியில மட்டக்குதிரைங்க கூட்டமா மேயும். என்ன, சீமைக் கருவேலம் அந்த புல்வெளிய கொஞ்சம் கொஞ்சமா முழுங்கிட்டு வருது, அதயும் யாராவது எழுதுனா தேவல. ராமர் பாதம் மேட்டுல ஏறி நின்னா காடு முழுக்க தெரியும், மேடுன்னா மலை இல்ல, மணல் திட்டுதான், ஆனா இந்த பக்கத்துல அதுதான் ஒசரம்.

கடலுக்கு போனப்ப நாத்தனார் பொண்ணு கேட்டுச்சு, அத்தை இந்த பக்கம் அலை இருக்கு, அந்த பக்கம் ஏன் குளம் மாதிரி கெடக்குதுன்னு. கரை திரும்புற மூலை இது, கிழக்க வங்கக் கடல், தெக்க பாக் நீரிணைன்னு காட்டுனேன். ஆடி அமாவாசை தை அமாவாசைக்கு இங்கதான் ஆதிசேதுன்னு சொல்லி ஜனம் முங்கும். ஐப்பசிலேருந்து வெளியூர் மீனவங்க குடும்பத்தோட வந்து குடிசை போட்டு தங்கி மீன் புடிப்பாங்க, அப்ப வந்தா கரையே சந்தை மாதிரி இருக்கும். நாங்க போன நேரம் தடைக்காலம், ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகாது. சின்ன போட்ல வந்த நண்டு கொஞ்சம் கெடச்சுது, அத வச்சு சமாளிச்சேன்.

ஆனா அந்த பாப்பாவுக்கு உண்மையிலேயே புடிச்சது அளம்தான், உப்பு விளையுற எடம். நான் வேதாரண்யத்த ஒட்டி இருக்குற அகஸ்தியம்பள்ளியில பொறந்தவ, எங்க அப்பா அளத்துக்கு போனவரு. விடியக்காலம் நாலரை மணிக்கு எழுப்பி கூட்டிட்டு போனேன். பாத்தியில தண்ணி மேல பால்ல ஆடை கட்டுற மாதிரி மெல்லிசா ஒரு ஏடு மொதல்ல தெரியும், அது கனம் தாங்காம உள்ள எறங்கும், அப்புறம் மேல இன்னொன்னு கட்டும், இப்படித்தான் உப்பு விளையும். எங்க ஊர்ல உப்பு செய்யுறோம்னு யாரும் சொல்ல மாட்டாங்க, விளையுதுன்னுதான் சொல்லுவாங்க. மேல்காத்து அடிச்சா சீக்கிரம் விளையும், ஒரு கோடை மழை பெஞ்சா அத்தனையும் தண்ணியா போயிரும். ஒரு அக்கா பலகையால உப்ப வாரிக்கிட்டு இருந்தாங்க, பாப்பா அவங்க கால பாத்துட்டு பேசவே இல்ல, குதிகால் வெடிப்புல உப்பு வெள்ளையா உக்காந்திருந்துச்சு. எரியாதான்னு கேட்டதுக்கு அவங்க, பழகிப்போச்சு கண்ணு, வீட்டுக்கு போயி நல்ல தண்ணி ஊத்துனாதான் எரியும்னாங்க. எட்டு மணிக்கெல்லாம் வெள்ளை கண்ண கூசும், அதுக்கு முன்னாடி வேலைய முடிச்சாகணும். 1930 ஏப்ரல் 30ல ராஜாஜி திருச்சியிலேருந்து தொண்டருங்களோட நடந்து வந்து உப்பு அள்ளுனது எங்க அகஸ்தியம்பள்ளியிலதான், ஸ்தூபி இருக்கு, வருஷா வருஷம் அன்னைக்கு வந்து அள்ளுவாங்க. பாப்பா கேக்கல, நானே சொன்னேன், அது உப்பு நல்லா விளையுற மாசம்னு.

அப்புறம் பாலைப்பழம். கோடியக்காட்டு பொம்பளைங்க கூடையில வச்சு ரோட்டோரம் விக்குற மஞ்ச பழம், வேப்பம்பழம் அளவுதான் இருக்கும், தேனா இனிக்கும், தின்னா உதடு பசை போட்ட மாதிரி ஒட்டிக்கும். அன்னைக்கு ஒரே ஒரு கூடைதான் வந்திருந்துச்சு, சீசனே அப்பதான் ஆரம்பம். பாப்பா ஒரு பை நிறைய காலி பண்ணிட்டு வாய தொறக்க முடியாம முழிச்சத பாத்து நாத்தனாருக்கே சிரிப்பு வந்துருச்சு. (ரோட்டுல உக்காந்திருக்குற குரங்குக்கு பிஸ்கட் போடலாம்னும் உங்க ஆளு எழுதியிருக்காரு, தயவுசெஞ்சு வேணாம் சார். அதுங்க காட்டுல பழம் தேடுறத விட்டுட்டு வண்டிய தேடி ரோட்டுக்கு வருதுங்க, அடிபடுதுங்க.)

சாயங்காலம் கோயில். வேதாரண்யம் விளக்கழகுன்னு சொல்லுவாங்களே, அத பாக்காம எப்படி அனுப்புறது. விளக்கு திரிய தூண்டி விட்ட எலி மாவலி மன்னனா பொறந்த கதைய சொன்னேன், பாப்பா செல்போன்ல போட்டோ எடுக்கலாமான்னு கேட்டுச்சு.

அதனால ஒரு வேண்டுகோள். அடுத்த இதழ்ல சின்னதா ஒரு திருத்தம் போடுங்க. பறவைக்கு மார்கழி தை, உப்புக்கும் பாலைப்பழத்துக்கும் வெயில் காலம்னு. அகஸ்தியம்பள்ளி வரைக்கும் 2023லேருந்து மறுபடி ரயில் ஓடுது, திருத்துறைப்பூண்டியில மாறணும், அதயும் சேத்துக்குங்க. கொஞ்சம் சீக்கிரமா போட்டா நல்லது, ஏன்னா நாத்தனார் இப்ப பூநாரை பாக்க தீபாவளிக்கு வர்றேங்குது. எங்க பக்கத்துல தீபாவளிக்கு மழை எப்படி ஊத்தும்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்குது, உங்க இதழ்ல வந்தா நம்பும்.

இப்படிக்கு,
வேதாரண்யத்திலிருந்து ஒரு வாசகி