விடியும்வரை ஓர் அறை: திருவிழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வைகாசித் திருவிழா அழைப்பிதழ் கிடைத்தது. ஏழாம் நாள் மாலை, இளம் வயதில் மறைந்த இசைக் கலைஞர்கள் இருந்திருந்தால் எந்த உயரத்துக்குப் போயிருப்பார்கள் என்று ஒரு நினைவரங்கம் வைத்திருக்கிறீர்கள். வரிசையின் கடைசியில் எங்கள் தவில் தம்பியின் படத்தையும் சேர்த்திருக்கிறீர்கள். பதினாறு ஆண்டு அவனோடு சேர்ந்து நாயனம் வாசித்தவன் என்ற முறையில் நான் பத்து நிமிடம் பேச வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பேசுகிறேன். ஆனால் மேடையில் தொண்டை அடைத்துக்கொண்டால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலேயே இறங்கிவிடுவேன். அதனால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். இரவு வீதியுலா முடிந்த பிறகு, மேளக்காரர்கள் விடியும்வரை படுத்து எழ ஓர் அறை கொடுங்கள்.

சென்ற ஆண்டு ஏழாம் நாள் இரவு நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. சுவாமி நான்கு வீதியும் சுற்றி வரும்போது மணி இரண்டரை. தம்பிக்கு மாலையிலிருந்தே காய்ச்சல். அப்படியிருந்தும் சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரிக்கு அவன் கை தளரவில்லை. வடக்கு வீதியில் கூட்டம் சுவாமியை விட்டுவிட்டு அவனைச் சுற்றி நின்றதை நீங்களும் பார்த்தீர்கள். எல்லாம் முடிந்து எங்களுக்குக் காட்டப்பட்ட இடம், வெளிப் பிரகாரத்தில் ஜெனரேட்டருக்குப் பத்தடி தள்ளி. விரிக்கப் பாய்கூட இல்லை. திருமண மண்டபத்து மாடியில் ஓர் அறை கேட்டோம். எல்லா அறைகளும் மெல்லிசைக் குழுவுக்கும் விருந்தினர்களுக்கும் கொடுத்தாகிவிட்டது என்று பதில் வந்தது. மறுநாள்தான் தெரிந்தது, கோடியில் இருந்த அறை அன்று இரவு முழுவதும் காலியாகவே கிடந்தது என்று. அதன் சாவியை வைத்திருந்தவர் செல்போனை அணைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறார்.

"வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு முகூர்த்தத்துக்கு வந்துவிடுகிறேன் அண்ணா" என்று சொல்லிவிட்டு அவன் பைக்கை எடுத்தான். வீடு 34 கிலோமீட்டர். தவிலை வேனில் ஏற்றிக்கொள்ளச் சொன்னான். வாய்க்கால் மதகுத் திருப்பத்தில் கண் அசந்திருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் அவன் பொருள்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். கைக்கடிகாரம், பர்ஸ், ஒரு சின்னத் தகர டப்பா. டப்பாவைத் திறந்தேன். வலது கை விரல்களில் மாட்டுகிற கூடுகள். துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிச் சுற்றி, வெயிலில் காயவைத்து அவனே செய்துகொண்டவை. சுண்டுவிரல் கூட்டில் ஒரு கீறல். கழற்றி எப்போதும்போல வரிசை மாறாமல் அடுக்கி வைத்திருந்தான். அந்த டப்பா இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது. அவன் மனைவியிடம் எப்படிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவனுக்கு அப்போது வயது 38.

இருந்திருந்தால் என்னவாகியிருப்பார்கள் என்று யோசிப்பதைத் தவறு என்று நான் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் அந்த யோசனை இல்லாமல் யாரும் தூங்குவதில்லை. நாதஸ்வரக் கலைஞர் காருக்குறிச்சி அருணாசலம் 1964இல் மறைந்தபோது அவருக்கு 43 வயது நிறையவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து திருவாவடுதுறைக்கு வந்து, நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் பக்கத்திலேயே இருந்து கற்றவர். 1956 டிசம்பரில் குருநாதர் போனார். அதன் பிறகு சீடருக்குக் கிடைத்தவை ஏழு ஆண்டுகளும் சில மாதங்களும்தான். குருவின் நிழலிலிருந்து வெளியே வந்து, தன் தோடி ராகம் எது என்று ஒருவன் கண்டுபிடிக்க அது போதுமா? 1981இல் அவருக்கு அறுபது வயதாகியிருக்கும். டேப் ரிக்கார்டர் வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்த காலம். ஓர் இரவு முழுக்க ஒரே ராகத்தை அவர் வாசிக்க, யாரோ ஒரு ரசிகர் அதை முழுவதுமாகப் பதிவுசெய்து வைத்திருப்பார். அந்த நாடா எங்கேயோ இருப்பதாகவே எனக்குச் சில நாள் தோன்றும்.

தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1975இல் போனார். 42 நிறையவில்லை. அவர் அறுபது வயது வரை இருந்திருந்தால், கையின் வேகம் குறைந்து அந்த இடத்தில் மௌனம் வந்து உட்கார்ந்திருக்கும். வேகம் உச்சத்தில் இருந்த ஒருவர், அடிக்காமல் விடுகிற அட்சரங்களால், அதாவது தாள எண்ணிக்கைகளால், கணக்குச் சொல்வதை நாம் கேட்டிருப்போம். தவில்காரன் முதிர்வது அப்படித்தான். அந்த வயது வராமல் அது வராது.

பாடகி என்.சி. வசந்தகோகிலம் நம் நாகப்பட்டினத்தில் வளர்ந்து சங்கீதம் கற்றவர். 1951இல், 32 வயதில், காசநோய் கொண்டுபோய்விட்டது. அந்த நோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்து எட்டு ஆண்டு ஆகியிருந்தது. அவரைவிட மூன்று வயது மூத்த எம்.எஸ். சுப்புலட்சுமி 2004 வரை இருந்தார். 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். பாடியபோது வசந்தகோகிலத்துக்கு 47 வயதாகியிருக்கும். இரண்டு குரல்களும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே ஐம்பது ஆண்டு வளர்ந்திருந்தால், மார்கழிக் கச்சேரிகளின் போக்கே வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

எங்கள் தம்பியை அவர்களோடு ஒப்பிட நான் துணியமாட்டேன். ஆனால் அவன் எங்கே போய்க்கொண்டிருந்தான் என்று எனக்குத் தெரியும். ஏழு ஏழாக எண்ணுகிற மிஸ்ர நடையில் ஒரு கோர்வை, அதாவது முடிப்புக்கான தாளக் கணக்கு, போட்டுக்கொண்டிருந்தான். மூன்று முறை வாசித்தால் இரண்டு முறை எடுப்பில், பாட்டு தொடங்குகிற இடத்தில், சரியாக வந்து விழும். மூன்றாவது முறை அரை அட்சரம் பிசகும். வேனின் இருக்கை முதுகில் தட்டிப் பார்ப்பான், டீக்கடை பெஞ்சில் தட்டிப் பார்ப்பான். "ஐப்பசி முகூர்த்தங்களுக்குள் கைக்கு வந்துவிடும் அண்ணா" என்பான். பிசகுவது எங்கே என்று எனக்குப் புரிந்திருந்தது. அவனே கண்டுபிடிக்கட்டும் என்று சொல்லாமல் இருந்தேன். நினைவரங்கத்தில் நான் பேசப்போவது அந்த அரை அட்சரத்தைப் பற்றித்தான்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். அந்த மரத்துண்டுக்குக் கிடைத்த மரியாதை, அதை ஊதுகிறவனுக்கு ஏன் வருவதில்லை? தெருவில் நின்றும் நடந்தும் வாசித்த நாயனக்காரனுக்கு மேடையில் சம இடம் வேண்டும் என்று ராஜரத்தினம் பிள்ளை சண்டை போட்டு வாங்கினார். 1947இல் சுதந்திரத்தையொட்டி டெல்லிக்கே சென்று வாசித்தார். அவர் பிறந்த இதே மண்ணில், நாங்கள் படுக்க இடம் கேட்டு நிற்கிறோம். ஊர்வலத்துக்குச் செண்டை மேளம் வருகிறது, அவர்களுக்கு அறை கிடைக்கிறது. அவர்கள்மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை, அவர்களும் கலைஞர்கள்தான். வெளியூரிலிருந்து வருகிறவனுக்குத் தூக்கம் வரும் என்று தெரிந்த உங்களுக்கு, நாற்பது கிலோமீட்டரில் இருக்கிறவனுக்கும் அது வரும் என்று மட்டும் ஏன் தெரியவில்லை? "பக்கத்து ஊர்தானே, போய்விடுவார்கள்" என்ற ஒரு சொல் எத்தனை பேரை நள்ளிரவில் சாலையில் ஏற்றிவிடுகிறது!

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. உங்களில் பலர் அவன் இறுதிச் சடங்குக்கு வந்தீர்கள். அவன் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைச் செயலாளர் தம் கையிலிருந்து கட்டினார் என்பதையும் அறிவேன். அந்த நன்றியோடுதான் கேட்கிறேன். நினைவரங்க மேடைக்கு ஆகும் பூச்செலவில் பாதி போதும், பத்து நாளைக்கு ஓர் அறை கிடைத்துவிடும். ஏசி வேண்டாம். ஒரு மின்விசிறி, ஆறு பாய்கள், குடிக்கத் தண்ணீர், உள்ளே தாழ்ப்பாள் போட ஒரு கதவு. நாங்கள் ஆறு பேர், விடிந்ததும் கிளம்பிவிடுவோம்.

இந்த ஆண்டு எங்கள் செட்டில் தவிலுக்கு வருகிற பையனுக்கு 22 வயது. தம்பியிடம்தான் கற்றவன். அவனும் பைக்கில்தான் வருவான், ஏழாம் நாளுக்கு மறுநாள் அவனுக்கும் காலை முகூர்த்தம் இருக்கிறது. தயவுசெய்து அவன் விடியும்வரை படுக்க ஓர் அறை ஒதுக்குங்கள். அந்த இரவு சாவி யாரிடம் இருக்கும் என்பதையும், அவர் எந்த எண்ணில் விழித்திருப்பார் என்பதையும் கொடியேற்றத்துக்கு முன்னால் எனக்குத் தெரிவித்துவிடுங்கள்.

பணிவுடன்,
உங்கள் திருவிழா நாயனக்காரன்