சேலத்திலிருந்து கலாவுக்கு

கன்னங்குறிச்சி, சேலம்
வைகாசி முதல் வாரம்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்தது. தாம்பரத்தில் மகன் வீடு வசதியாக இருக்கிறது, பேரன் உன்னோடு ஒட்டிக்கொண்டான் என்று படித்ததில் நிம்மதி. கடைசிப் பத்திதான் மனசைப் பிசைந்துவிட்டது. "நம்ம வயசுக்கு மேல புதுசா யாருடி சிநேகமாகப் போறா? கும்பகோணத்தோட அதெல்லாம் முடிஞ்சுது" என்று எழுதியிருக்கிறாய். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு தாள் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

மகளுக்குத் துணையாக இங்கே வந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. அக்கம்பக்கத்தார் நல்ல மாதிரி. பார்த்தால் சிரிப்பார்கள், "சாப்டீங்களா" என்று கேட்பார்கள். அதற்கு மேல் பேச்சு வளராது. என்ன பேசுவது, அவர்களுக்கு நான் யார், எனக்கு அவர்கள் யார்? மாலையானால் மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்ப்பேன். இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை நிற்கிறது. வடக்கே சேர்வராயன், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. வயலும் வாய்க்காலுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் சமமாகப் பார்த்து வளர்ந்த நமக்கு இது எவ்வளவு புதுசு என்று உனக்குத்தான் புரியும்.

மூக்கனேரிக்குக் காலை நடைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் ஆட்கள் கிடைத்தார்கள். வீட்டிலிருந்து பக்கம்தான். 2010 வாக்கில் ஊர்மக்கள் சேர்ந்து தூர்வாரிய ஏரி இது. வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் கொட்டி அதில் மரம் நட்டிருக்கிறார்கள். இப்போது அந்தத் திட்டுகளில் பறவைகள் குடியிருக்கின்றன. அங்கே தினமும் ஒரு அம்மா நின்று அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. நான் ஒரு பறவையைக் காட்டி அது என்ன என்று கேட்டேன். அவ்வளவுதான், பேச்சு பிடித்துக்கொண்டது. எல்லாரையும் போல நானும் டீச்சர் என்றே கூப்பிடுகிறேன். அவர் மூலமாகச் செவ்வாய்ப்பேட்டை அக்கா ஒருவர் பழக்கம். பட்டறையிலிருந்து வெள்ளிக் கொலுசு வாங்கி வந்து வீட்டில் வைத்தே சலங்கை பற்றவைத்துக் கொடுக்கிறவர். வேலை இல்லாத நாளில் எங்கே கூப்பிட்டாலும் கிளம்பிவிடுவார்.

நாங்கள் மூவரும் பெரும்பாலும் டவுன் பஸ் போகிற இடமாகப் பார்த்துத்தான் போவோம். நமக்குத்தான் டிக்கெட் இல்லையே. முதலில் போனது தாரமங்கலம் கைலாசநாதர் கோயில். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலிகள் கட்டியது. நம் ஊர்ப் பக்கம் பார்க்காத கோயிலா என்று நினைத்துத்தான் உள்ளே நுழைந்தேன். கலா, நீ பார்த்தே ஆக வேண்டும்! சிங்கத்தின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை உருளும், வெளியே வராது. ஒரு தூணில் வாலியும் சுக்ரீவனும் சண்டை போடுகிறார்கள், தள்ளி இன்னொரு தூணில் ராமன் வில்லோடு நிற்கிறான். ராமனிடத்தில் நின்றால் வாலி தெரிவான், வாலியிடத்தில் நின்றால் ராமன் தெரிய மாட்டான். அக்காவை ராமனிடம் நிறுத்திவிட்டு நான் வாலியிடம் போய் நின்றேன். "தெரியறேனா?" "தெரியலை!" என்று மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தோம். சுற்றி இருந்தவர்களும் வந்து ஆளுக்கொரு தூணில் நின்று பார்த்தார்கள். திரும்பி வந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கம் தட்டுவடை செட் வாங்கித் தந்தார் டீச்சர். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், இரண்டு வகைச் சட்னி. ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த நிமிஷத்திலிருந்து நான் இந்த ஊர்க்காரி.

ஆனால் உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது மேட்டூர் போனதைப் பற்றி.

என் அப்பாவை நினைவிருக்கிறதா? பேப்பர் வந்ததும் தலைப்புச் செய்தியைத் தாண்டி மேட்டூர் அணை நீர்மட்டம் போட்டிருக்கிற இடத்துக்குத்தான் அவர் கண் போகும். 90 அடிக்கு மேல் இருந்தால் முகம் தெளியும். ஜூன் 12இல் திறந்துவிட்டால் குறுவை நெல் போகம் உண்டு. இல்லையென்றால் அந்த வருஷம் சம்பாவோடு சரி. நமக்குப் பள்ளிக்கூடத்தில் கட்டுகிற சம்பளம், தீபாவளிப் பாவாடை, அக்கா கல்யாணம் எல்லாமே அந்த எண்ணில்தான் இருந்தது. ஆயுசு பூராவும் அதைப் படித்தவர் ஒரு நாளும் அணையைப் பார்த்ததில்லை.

போன கோடையில்தான் நான் பார்த்தேன். 1934இல் கட்டி முடித்தது. முழு நீர்மட்டம் 120 அடி, 93 டி.எம்.சிக்கு மேல் பிடிக்கும். அணையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவைப் பற்றி அவர்கள் இருவரிடமும் சொன்னேன். டீச்சர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "வாங்க, இன்னொரு இடம் காட்டறேன்" என்று பண்ணவாடிக்கு அழைத்துப் போனார். அது நீர்த்தேக்கத்தின் ஓரம் உள்ள பரிசல்துறை. தண்ணீர் நன்றாக இறங்கியிருந்த நேரம். நடுவே ஒரு பெரிய கல் நந்தி வெளியே வந்திருந்தது. தள்ளி ஒரு பழைய கிறிஸ்தவக் கோயிலின் கோபுரமும் தெரிந்தது. அணை கட்டியபோது முழுகிய ஊர்களில் மிச்சம் இருப்பவை. தண்ணீர் ஏறினால் மறுபடி உள்ளே போய்விடும்.

டீச்சரின் தாத்தா ஊர் அப்படி முழுகியதாம். மாட்டை ஓட்டிக்கொண்டு, கதவு நிலையைப் பெயர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வெளியேறிய கதையை அவர் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறார். "எங்க தாத்தா நிலம் முழுகிப் போனதுலதான் உங்க அப்பா நிலம் விளைஞ்சிருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கலா. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. நாம் சாப்பிட்ட சோற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு குடும்பம் வண்டி கட்டிக்கொண்டு போயிருக்கிறது என்று நம்மிடம் யார் சொன்னார்கள்? பரிசலில் ஏறி நந்திக்குக் கிட்டத்தில் போய்க் கும்பிட்டோம். கரைக்கு வந்து மீன் வறுவல் வாங்கினோம். சுத்த சைவமான அக்கா மட்டும் பொரி தின்றார்.

அன்றிலிருந்து டீச்சர் எனக்கு யாரோ இல்லை. இத்தனைக்கும் அவரை எனக்குத் தெரிந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. நீயும் நானும் ஐந்தாம் வகுப்பிலிருந்து சிநேகிதம், அதற்கு ஈடு கிடையாது. ஆனால் வயசானவர்கள் சிநேகமாவதற்கு வேறொரு வழி இருக்கிறது என்று தோன்றுகிறது. ஆளுக்கு ஒரு முழு வாழ்க்கை கையில் இருக்கிறது. அதை எடுத்து வைக்க ஒரு இடம் வேண்டும். நாலு சுவருக்குள் "என்ன சமையல்" என்பதோடு நின்றுவிடுகிற பேச்சு, ஒரு அணைக்கட்டின் மேல் நின்றால் எங்கேயோ போய்விடுகிறது. அதனால்தான் வெளியே கிளம்பு, யாரையாவது கூட்டிக்கொண்டு கிளம்பு என்கிறேன்.

ஏற்காட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். மே மாதக் கோடை விழா, மலர்க் கண்காட்சி நாட்களில் ஊரே அங்கேதான் இருக்கும். ஏரியில் படகுக்குக் காத்து நிற்பதிலேயே பொழுது போய்விடும். எனக்கு அது பிடிக்கவில்லை. விழா இல்லாத ஒரு புதன், வியாழன் போனால் மலை நமக்கே நமக்கு. 20 கொண்டை ஊசி வளைவு. கீழே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும், மேலே ஏற ஏற ஜன்னல் காற்று மாறிவிடும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர்தான் இங்கே காபியைக் கொண்டுவந்தாராம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், அடியில் காபிச் செடி. பங்குனி வாக்கில் ஒரு மழை விழுந்தால் பத்து நாளுக்குள் அத்தனை செடியும் வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை போன்ற வாசனை. இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். இந்த வருஷம் அதைப் பார்க்கக் கொடுத்து வைத்தது.

சேர்வராயன் கோயில் இன்னும் உயரத்தில், 5,326 அடியில் இருக்கிறது. கோபுரம் கிடையாது, குகைதான். குனிந்து உள்ளே போக வேண்டும். சேர்வராயனுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறாள் தெரியுமா? காவேரி அம்மன். அந்தக் குகை காவிரி வரை போகிறது என்று சொல்வார்கள். மலை மேல் நம் காவேரியைப் பார்த்ததும் நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராமத்து ஜனங்களெல்லாம் வருவார்கள் என்று டீச்சர் சொன்னார்.

சரி, நீ எப்போது வருகிறாய்? சென்ட்ரலில் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்குள் சேலம் ஜங்ஷன். நான் வந்து நிற்கிறேன். மாம்பழம் முடிவதற்குள் வந்தால் நல்லது. சேலம் குண்டும் இமாம்பசந்தும் உனக்காக எடுத்து வைக்கச் சொல்கிறேன். பேரனையும் கூட்டி வா, குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப் போகலாம். பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் சனிக்கிழமை பார்த்துக் கிளம்பு. உன்னைப் பற்றி டீச்சரிடம் நிறையச் சொல்லியிருக்கிறேன். பண்ணவாடிக்கு உன்னையும் அழைத்துப் போக வேண்டும் என்று இப்போதே பேசி வைத்திருக்கிறார். டிக்கெட் போட்டதும் போன் பண்ணு.

அன்புடன்,
சாந்தி